பூந்தாது

பெயர் எழுதக் கூடாது. ஊர், தெரு,
வேலை பார்க்கும் இடம், எதுவும் கூடாது.
எல்லாக் கடிதத்தையும் மர்யுத் படிப்பாள்.
அவள் மேசையில் ஒரு கறுப்புப் பேனா இருக்கிறது.
ஆகவே இது உனக்கு அனுப்பியதல்ல,
அனுப்பியதுபோக மிஞ்சியது.

நான் ரௌமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்
(அடித்துவிடுவாள்),
காகித உருளைகளைத் தூக்கிக்
கப்பல் வயிற்றுக்குள் இறக்குகிறேன்
(இதையும்).
இரவுப் பணியின் இடைவேளையில்
முப்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடியில்லாமல்,
விரலால் தடவித் தடவிச் சவரம் செய்வது பழக்கம்.
அப்படித்தான் அகப்பட்டது
கழுத்தில் முதல் கட்டி.

மருந்து. பிறகு என் செல்களையே எடுத்து
உறையவைத்து எனக்கே திருப்பித் தந்தார்கள்.
அறை முழுக்க அவித்த சோள நாற்றம்.
ஹில்க்கா ஜன்னலைத் திறக்கப் போனாள்.
அந்த ஜன்னல்கள் திறக்காதவை.

எட்டு மாதம்.
அதே கிரேன், அதே விரல், அதே இடம்:
பட்டாணி அளவு.
யாரிடமும் சொல்லாமல்
அன்றைக்கு இன்னும் நாற்பது உருளை இறக்கினேன்.

தங்கை ஔனேயின் செல்கள் பொருந்தவில்லை.
தேர்வில் தோற்றவள்போல அழுதாள்.

நீ வந்தது பிப்ரவரி இரவொன்றில், தாமதமாக.
எங்கோ பனியில் விமானம் நின்றுவிட்டதாம்.
ஒரு பை. ரத்தமும் இல்லை, தக்காளிச் சாறும் இல்லை,
நடுவில் ஒரு நிறம்.
இந்த முறை வாடையே இல்லை.
பாதியில் தூங்கிப்போனேன்.
அதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதிய வரியை மட்டும்
மர்யுத் விட்டுவைத்தாள்.

பிறகு நடந்ததை உனக்கு எழுதவில்லை.
உள்ளங்கை ஈரக் காகிதமாய் உரிந்தது.
மூன்று வாரம் குடல் தன் வேலையை மறந்தது.
உன் செல்கள் அறை அறையாகப் போய்
யார் நீ, யார் நீ என்று என்னைக் கேட்டன.
பிறந்ததிலிருந்து குடியிருக்கும் வீட்டில்
நான்தான் சுவரேறிக் குதித்தவன்.
"கொஞ்சம் சண்டை நல்லது,
கட்டியையும் அதுதான் தேடிப் பிடிக்கும்"
என்றார் மருத்துவர்.
எவ்வளவு கொஞ்சம் என்று கேட்டேன்.
தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

நாற்பத்தொன்பது வருஷம் ஏ வகை ரத்தம்.
இப்போது ஓ.
கக்குவானுக்கு மறுபடி முதலிலிருந்து ஊசி.
செவிலி பழக்கதோஷத்தில் ஒட்டிய கரடிப் படம்
சட்டைக்குள் இரண்டு நாள் இருந்தது.
குணம் என்கிற சொல்லை
இன்னும் யாரும் வாயில் எடுக்கவில்லை.
அடுத்த ஸ்கேன் வியாழக்கிழமை, அதற்கடுத்தது
இன்னொரு வியாழக்கிழமை.

மறு வருஷம் ஏப்ரல்.
மறுபடி கிரேன் ஏற அனுமதி கிடைத்த வாரம்,
படிகளில் பாதி ஏறியிருப்பேன்,
தும்மல்.
ஒன்றல்ல, பதினேழு.
பிர்ச் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான்,
அவற்றின் பூந்தாது ஒருநாளும் என்னைத் தொட்டதில்லை.
மூக்கொழுக, கண்ணெரிய,
கம்பியைப் பிடித்தபடி சிரித்தேன்.
கீழே ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.
உன்னைப் பற்றி அவர்கள் எனக்குச் சொன்னது:
ஆண், இருபத்து நான்கு வயது.
இனி இதுவும் தெரியும்.

கேட்டு எழுதினேன்:
இந்தத் தும்மல் உன்னுடையதா?
மர்யுத் பேனாவின் மூடியைத் திறந்து
கொஞ்ச நேரம் வைத்திருந்து
மூடிவிட்டாளாம்.

நவம்பரில் பதில் வந்தது.
ஒரு பக்கம், ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு.
வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தோம், நானும் ஹில்க்காவும்.
தப்பித்த வரி ஒன்றே ஒன்று:
"ஆமாம், மன்னிக்கவும்.
ஏப்ரலில் ஜன்னலைத் திறக்காதீர்கள்."

வெளியே ஒரு மரத்திலும் ஓர் இலை இல்லை.
எழுந்துபோய்
ஜன்னலைச் சாத்தினேன்.